ஹில்பர்ட் மச்சானின் ஆரஞ்சுக் கோட்டு

என் அக்கா லவோனைக் கட்டிய ஹில்பர்ட் பாங்க்ராட்ஸ் தங்கமான மனுஷர். யாரையும் ஏமாற்ற மாட்டார், குடித்தாலும் சண்டை போட மாட்டார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் மகள் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டார்.

வருஷம் முழுக்க மான்களுக்கு அவர் நிலம்தான் வீடு. சோயா முளைத்தால் முளையைத் தின்னும். மக்காச்சோளம் பால் பிடித்தால் ஒரு கதிரைப் பாதி கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும், பெரிய வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. மச்சான் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். அவை தலையைத் தூக்கி, ஓ நீங்களா என்று பார்த்துவிட்டு மறுபடி மேயும். நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் தொடங்கும் அன்று அந்த வயலில் ஒரு மான் இருக்காது. விஸ்கான்சினில் எல்லா விவசாயிக்கும் இந்த வயிற்றெரிச்சல் உண்டு. மச்சான் மட்டும் இதைத் தனக்கு எதிரான சதி என்றே நம்பினார். ஒரு வருஷம் ஓநாய் என்றார், ஒரு வருஷம் அரசாங்கம் என்றார்.

"மாப்ளே, இதுங்களுக்கு யாரோ காலண்டர் குடுத்திருக்காங்கடா," என்பார்.

"அந்தக் காலண்டரே நீங்கதான் மச்சான்."

உண்மை அதுதான். அக்டோபரில் சோளத்தை அறுத்துவிட்டால் வயல் மொட்டைத்தலை. ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் நிற்க மானுக்கு என்ன தலையெழுத்து? பின்னால் மேட்டில் ஓக் காய்கள் கொட்டிக் கிடக்கின்றன, அங்கே போய்விடும். மிச்சம் ஒன்றிரண்டு போக மனமில்லாமல் நின்றாலும் மச்சான் விடமாட்டார். சீசனுக்கு முன்பே தினமும் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணுக்குப் போய்விடுவார். ஏணிக்கு எண்ணெய் போடுவார், சுருட்டுப் பிடிப்பார், வெங்காயம் போட்ட சாசேஜ் தின்பார், குறி சரியா என்று பழைய பீப்பாயைச் சுட்டுப் பார்ப்பார். அவருடைய பிக்கப் வண்டி கிளம்பினால் சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்துவார். இத்தனைக்கும் பிறகு மான் எங்கே போகும்? வேலியைத் தாண்டி என் புதருக்கு வரும். வெடிச் சத்தம் கேட்டால் என் மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும், அதனால் என் நிலத்தில் யாரையும் சுட விடுவதில்லை. பகலெல்லாம் என்னிடம் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு மச்சான் வயலில் சிந்திய சோளத்தைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடும். வருஷா வருஷம் சொன்னேன்.

"நீ மாடு வளர்க்கிறவன். உனக்கு மானைப் பத்தி என்னடா தெரியும்?" என்பார்.

இப்படி இருக்கும்போது மகள் மார்லிஸுக்கு ட்வெட் வீட்டில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா செல்மர் ட்வெட் அதிகம் பேசாதவர். அவர் வீட்டுக் கொட்டகைச் சுவர் முழுக்க மான் கொம்புகள், அவையே அவருக்காகப் பேசும். நிச்சயதார்த்த விருந்தில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"கல்யாணத்துக்கு மான்கறி சாசேஜ் வேணும்னா சொல்லுங்க சம்பந்தி. எங்க வீட்டுல எப்பவும் இருக்கும்."

மச்சான் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் வேணாம் சம்பந்தி. என் சோளத்தைத் தின்னே கொழுத்த கொம்பன் மான் ஒண்ணு திரியுது. என் பொண்ணு கல்யாணத்துக்கு அது வந்தே தீரும். வரலைன்னா இந்த ஜென்மத்துல துப்பாக்கியத் தொட மாட்டேன்."

"அப்பா, பன்னி சாசேஜே போதும்பா," என்றாள் மார்லிஸ். யார் கேட்டார்கள்?

சீசன் வந்தது. வழக்கம்போல வயல் காலி. பொறுக்க முடியாமல் மச்சான் கடைசி ஆயுதமாகப் பெண்மான் மூத்திரம் வாங்கினார். புட்டியில் அடைத்து விற்பார்கள், மரக்கட்டையில் ஒரு சொட்டு விட்டால் கொம்பன் தேடி வரும் என்று சொல்லிக்கொள்வார்கள். மச்சான் புட்டியை மூடாமல் ஆரஞ்சு வேட்டைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறினார். முழுப் புட்டியும் கோட்டுக்கே போயிற்று.

சீசனின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அணிக்குக் கால்பந்து ஆட்டம். ஆட்டம் என்றால் காடே காலியாகிவிடும், எவ்வளவு பெரிய வேட்டைக்காரனும் பரணை விட்டு இறங்கி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். மச்சானும் வீட்டுக்குப் போனார். அக்கா கதவைத் திறக்கவில்லை.

"இந்த நாத்தத்தோட உள்ள கால வெச்சீங்க, கல்யாணத்துல மார்லிஸ் பக்கத்துல நான் தனியாத்தான் நிப்பேன்."

எனவே என் வீட்டுக்கு வந்தார். எனக்கும் மூக்கு இருக்கிறது. கோட்டைத் தொழுவத்து வேலியில் மாட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, உள்ளே விட்டேன். "ஆட்டம் முடிஞ்சதும் கடைசியா ஒரு தடவை போய்ப் பாக்கறேன்," என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இடைவேளையில் காபி ஊற்றப் போன நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வேலியோரம் அந்தக் கொம்பன். கோட்டை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு காதலியிடம் கொஞ்சுவதுபோல் கொம்பால் தேய்த்தது. தேய்த்த தேய்ப்பில் கோட்டின் கைகள் கொம்பில் சிக்கி, முதுகுத் துணி அதன் முதுகிலேயே விரிந்தது.

மச்சான் காலுறையோடு வெளியே ஓடினார். வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், அப்படியே நின்றுவிட்டார். மான் என்று நினைத்து ஆளைச் சுட்டுவிடக் கூடாதே, அதனால் ஆரஞ்சு போடாமல் எங்கள் ஊரில் வேட்டைக்குக் கிளம்பக்கூடாது என்பது சட்டம். அவருடைய ஆரஞ்சு மானின் மேல் இருந்தது. வேட்டை லைசென்ஸ் நம்பரும் கோட்டின் முதுகில் குத்திய அட்டையோடு மானிடமே இருந்தது.

"மாப்ளே, உன் ஆரஞ்சுக் கோட்டைக் குடுடா."

"நான் மாடு வளர்க்கிறவன் மச்சான். எங்கிட்ட ஏது? அதோட, இது என் நிலம்."

கொம்பன் அவசரமே படாமல், சகல சட்டப் பாதுகாப்போடு, என் நிலத்துக்கு அடுத்த செல்மர் காட்டுப் பக்கம் நடந்தது.

செல்மர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மின்னசோட்டாவில் பிறந்தவர். எங்கள் அணியின் ஆட்டத்தை அவர் பார்ப்பதில்லை, அதனால் காட்டில் இருந்தார். ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்குப் போன் வந்தது. மச்சான் எடுத்தார், நான் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டவைத்தேன்.

"சம்பந்தி, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஏன் கேக்கறீங்க?"

"மத்தியானம் எங்க காட்டுல குனிஞ்சபடியே போனீங்க. முதுகுல நம்பர் பாத்தேன், என் நம்பருக்கு அடுத்தது. ரெண்டு பேரும் சேந்துதானே வாங்கினோம். சாவி ஏதாச்சும் தேடறீங்களோன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தீங்க. கொம்பு இருந்துச்சு."

மச்சான் கேட்டார்: "சுட்டீங்களா?"

"ஆரஞ்சு போட்டிருக்கிறத எப்படிச் சுடறது? அவங்கவங்க அப்பன் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதானே." பிறகு இதையும் சேர்த்தார்: "அதோட, நான் சுட்டாலும் உங்க நம்பர். உங்க மான்னு சொல்லிடுவீங்க."

போனை வைத்துவிட்டு மச்சான் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "நீயே வெச்சுக்கடா," என்றார். கேலி செய்ய எத்தனையோ வார்த்தை நாக்கில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

டிசம்பரில் கல்யாணம். மச்சானின் டிராக்டர் கொட்டகையைக் கழுவி, அடுப்பு மூட்டி, அங்கேயே விருந்து. மேசையில் பன்றி சாசேஜ். செல்மர் அதை வெட்டினார், மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மச்சான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றுக்காகக் கதவோரம் நின்ற மார்லிஸ் திரும்பினாள்.

"அப்பா, உங்க கோட்டு வருது."

எல்லோரும் தட்டும் கையுமாகக் கதவுக்குப் போனோம். பட்டப்பகலில், அறுத்த சோள வயலின் பனி மேல், கூட்டமாக மான்கள். சீசன் முடிந்தது அவற்றுக்குத் தெரியும், மச்சான் பரண் பக்கமே போகவில்லையே. முன்னால் கொம்பன், கொம்பில் ஆரஞ்சுக் கந்தல் தொங்க. பனியைக் காலால் கிளறி, சிந்திய சோளத்தைத் தின்ன ஆரம்பித்தது.

செல்மர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னபடி கல்யாணத்துக்கு வந்துடுச்சு, சம்பந்தி."

மச்சான் நிமிர்ந்தார். யாரோ ஒருவர் விசிலடிக்க வாயில் விரல் வைத்தார், மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் சத்தம் போடாதீங்க. கல்யாணத்துக்கு வந்தவன் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பிறகு என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்: "மாப்ளே, நாளைக்கு வர்றப்ப அந்தத் துப்பாக்கிய எடுத்துட்டு வந்துடு."