யூசுப் வீட்டுக்குப் போகும் வழி

போன வாரம் பேரணாம்பட்டு ரோட்டில் போலீஸ் எங்கள் காரை நிறுத்தியது.

பெரிய விஷயமில்லை. வழக்கமான வண்டி சோதனை. ரோட்டின் குறுக்கே இரண்டு தடுப்புகள், ஓரமாக ஒரு ஜீப், வெயிலில் வாடிப்போன ஒரு கான்ஸ்டபிள். நம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சிதான்.

பின் சீட்டில் நானும் நஸ்ரீனும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். என் கல்லூரித் தோழி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் மேனேஜர். முன் சீட்டில், டிரைவர் செல்வத்துக்குப் பக்கத்தில் யூசுப். பாலஸ்தீனத்தில் ஹெப்ரான் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. சொந்தமாக ஒரு சின்ன ஷூ பட்டறை வைத்திருக்கிறார். லெதர் வாங்க வந்திருந்தார்.

"நம்மூரு மாதிரியே அதுவும் தோலும் ஷூவுமா இருக்குற ஊராம்டி. பேரணாம்பட்டு டேனரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா, உனக்கு எழுத எதுனா கெடைக்கும்" என்று நஸ்ரீன் கூப்பிட்டாள். போனேன்.

கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். செல்வம் ஓரங்கட்டினான். அவன் கண்ணாடியை இறக்குவதற்குள் யூசுப் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஒரு கையில் பாஸ்போர்ட்டை உயர்த்திப் பிடித்தார். இன்னொரு கையால் சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். அப்படியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கான்ஸ்டபிளுக்கும்தான்.

"இன்னாப்பா... சாருக்கு ஒடம்பு எதுனா சரியில்லையா?"

"வெளிநாட்டு சாருங்க. நம்ம கம்பெனிக்கு வந்திருக்காரு" என்றான் செல்வம்.

"சட்டைய எறக்கச் சொல்லுப்பா. பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. நீ ஆர்.சி.யக் காட்டிட்டுக் கெளம்பு."

திரும்ப வந்து உட்கார்ந்த யூசுப்பின் காது மடல்கள் சிவந்திருந்தன. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "சீருடை போட்டவர் கை காட்டினால் உடம்பு தானாக இறங்கிவிடுகிறது. நான் யோசிப்பதற்கு முன்பே."

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நஸ்ரீன்தான் கேட்டாள்: "தினமுமா இப்படி?"

தினமும் இல்லையாம். சில நாள் சும்மா கையசைத்து விட்டுவிடுவார்களாம். சில நாள் எதையும் மறைத்து வைக்கவில்லை என்று சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அவர் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ரோட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்பு கேட். பக்கத்தில் இஸ்ரேல் ராணுவ வீரர்கள். தூரம் என்று பார்த்தால் எங்கள் ஊர் லாங் பஜாரிலிருந்து பாகாயம் போகிற மாதிரி, ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் கேட் எப்போது திறக்கும், எப்போது மூடும், யாருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டால், கேட்டவரைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்களாம்.

காட்பாடி பாலத்தில் கொஞ்சம் டிராஃபிக் நின்றால் நான் எத்தனை பேரைத் திட்டுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆலிவ் அறுவடையைப் பற்றிச் சொன்னார். அவர்கள் நிலத்துக்கு மேலே உள்ள குன்றில் இஸ்ரேலியக் குடியேறிகள் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். போன அறுவடையின்போது முகத்தை மூடிக்கொண்ட இளைஞர்கள் அங்கிருந்து தடிகளோடு இறங்கி வந்தார்களாம். யூசுப்பின் அண்ணன் கலீல் மரத்தடியில் விரித்த தார்ப்பாயைச் சுருட்டக்கூட நேரமில்லை. கையை உடைத்துவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் ராணுவ வீரர்கள் நின்றிருந்தார்கள். வந்தார்கள்... வந்து, கலீலின் குடும்பத்தைத்தான் இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அண்ணனைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

"போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையா?" என்றேன். நம் புத்தி அங்கேதானே போகும்?

யூசுப் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த போலீஸ் ஸ்டேஷன் அவர்களுடைய குடியிருப்புக்குள்தான் இருக்கிறது. யாராவது வந்து அழைத்துப் போனால்தான் நாங்கள் உள்ளே போக முடியும். காலையில் போய் வாசலில் நின்றேன். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை."

அடித்தவர்கள் குடியிருக்கும் இடத்துக்குள் போய், அடித்தார்கள் என்று புகார் கொடுக்க வேண்டும். அதற்கும் வாசலில் காத்து நிற்க வேண்டும். சரியாகத்தான் கேட்டேனா என்று நஸ்ரீனைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேனரியில் தோல் பதனிடும் ராட்சத மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மேசை மேல் விரித்த தோல்களை யூசுப் ஒவ்வொன்றாகத் தடவி, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகம் லேசானது. செல்வத்தின் செருப்பைப் பார்த்து, "உனக்கு நான் ஒரு ஜோடி செய்து அனுப்புகிறேன்" என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. அவர் மனைவி மரியம்.

டிரம் சத்தத்தில் கேட்கவில்லை என்று வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். ஸ்பீக்கரில் பேசினார். எனக்கு அரபி தெரியாது. நஸ்ரீனுக்கு குர்ஆன் ஓதத்தான் தெரியும், பேச்சு புரியாது. ஆனால் கண்ணாடி உடையும் சத்தத்துக்கு பாஷை தேவையில்லையே? ஒரு குழந்தை அழுதது. யூசுப் குரலை உயர்த்தவே இல்லை. தூங்க வைப்பது போலப் பேசிக்கொண்டே இருந்தார். லைன் அறுந்தது.

அடுப்பை அணைக்கச் சொன்னாராம். மெத்தையை ஜன்னலில் சாய்த்துவிட்டு, பிள்ளைகளோடு உள் அறைக்குப் போகச் சொன்னாராம். குன்றிலிருந்து குடியேறிகள் இறங்கி வந்திருக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப டயல் செய்தார். போகவில்லை. நஸ்ரீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. செல்வம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியபடியே நின்றான்.

"சார் இப்பவே கெளம்பணும்னா சென்னை ஏர்போர்ட்டுக்கு நான் வண்டிய அடிச்சினு போயிடுறேம்மா" என்றான் நஸ்ரீனிடம். அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தபோது மறுபடி போன்.

மரியம்தான். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்களாம். ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. வாசலில் நின்ற காரைக் கொளுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. யூசுப் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இன்றைக்கே டிக்கெட் பார்க்கலாம்" என்றாள் நஸ்ரீன்.

அவர் தலையாட்டி மறுத்தார். "மரியம் சொல்கிறாள், கேட்டை மூடிவிட்டார்களாம். நீ வந்தாலும் வீட்டுக்கு வர முடியாது, வேலையை முடித்துவிட்டு வா என்கிறாள்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மேசை முன் நின்று, மறுபடியும் தோலைப் பார்க்க ஆரம்பித்தார். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பிப் போனார். நேற்று நஸ்ரீன் போன் செய்தாள். "ஜோர்டான் வரைக்கும் போய்ட்டாருடி. அங்கேர்ந்து ஆத்துப் பாலத்தத் தாண்டித்தான் அவரு ஊருக்குப் போவணுமாம். அத மூடிட்டாங்களாம். ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு. பேஜாரா இருக்குது."

இத்தனை நாடு தாண்டிப் போனவர், கடைசி ஒரு ஆற்றைத் தாண்ட யாரோ திறந்துவிடுவதற்காகக் காத்திருக்கிறார். போய்ச் சேர அனுமதி கேட்க வேண்டிய ஊரை, சொந்த ஊர் என்று சொல்ல முடியுமா?

யூசுப் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்.