நோவா வியெஷ் தேடிய குகன் அண்ணை

செய்தி வந்த நேரம், டூட்டிங்கில் என் அச்சுக்கடையில் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்பிதழின் நிறத்துக்காக ஒரு தகப்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நோர்பரியிலிருந்து குகன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா அழைத்தார். "இவர் போயிட்டார் தம்பி," என்றார். குகன் அண்ணையின் ஈரலில் புற்றுநோய் ஏறியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கா அழவில்லை. "அறிவித்தல் நீங்கள்தானே எழுதவேணும். ரமணன்ர பேரை என்னெண்டு போடப்போறியள்?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். பிறகு சொந்தங்கள் வரிசையாக வரும். உயிரோடு இருப்பவர் என்றால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவர் இருக்கும் நாடு. இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. இத்தனை வருடமாக இதைத்தான் எழுதிப் பிழைக்கிறேன். இரண்டுமில்லாத ஒரு மனிதனை எங்கே வைப்பது என்று குகன் அண்ணையைச் சந்திக்கும்வரை எனக்கு ஒரு கேள்வி வந்ததில்லை.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது தாயார் ஊரில் காலமானபோது. லண்டன் பஸ் சாரதியின் உடுப்போடு, ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தார். வழக்கம்போல் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டேன். "குகன், லண்டன். ரமணன், போலந்து," என்றார். போலந்தில் எங்கள் சனம் இருப்பது புதினமாக இருந்தது. அங்கே என்ன செய்கிறார் என்று வாய் சும்மா இராமல் கேட்டேன். "தெரியாது. ஒரு வீட்டில விட்டிட்டு வந்தனான்," என்றார். நான் தட்டச்சை நிறுத்தினேன்.

களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இரண்டு சகோதரர்களையும் மொஸ்கோ வழியாகக் கூட்டி வந்திருக்கிறான். காடு, பனி, நடை. போலந்துக்குள் தறப்பாள் போட்டு மூடிய ஒரு வானில் ஏற்றியபோது ரமணனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. விடியும் நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் வானை நிறுத்தி அவனை மட்டும் இறக்கினார்கள். அடுத்த ஆட்களோடு வந்து சேருவான் என்றார்கள். அண்ணை இறங்கப் பார்த்தார், கதவை இழுத்து அடித்துவிட்டார்கள். வான் புறப்பட்ட பிறகு தறப்பாளின் கிழிசலால் வெளியே பார்த்தார். தெருவோரத்தில் ஒரு பெயர்ப்பலகை. நோவா வியெஷ். ஜெர்மனி வந்து சேரும்வரை அந்தப் பெயரைத் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தாராம். "ஊர்ப்பேர் கையில இருக்குத்தானே எண்டு ஒரு தைரியம்," என்றார். அதில் என்ன பிழை சொல்ல முடியும்? எங்கள் பக்கத்தில் ஊர்ப்பேரும் தகப்பன் பேரும் போதும், ஆளை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.

தாயாரின் அறிவித்தல் வெளிவந்ததும் ஹரோவிலிருந்து அவருடைய சின்னையா, தகப்பனின் தம்பி, கடைக்கே வந்துவிட்டார். அண்ணையும் அங்கே நின்றார். "செத்தவனை உயிரோட இருக்கிறான் எண்டு போட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறாய். இருந்தா எனக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்திருப்பான்தானே," என்று சின்னையா பாய்ந்தார். அண்ணை குரலை உயர்த்தவில்லை. "உங்கட நம்பர் எழுதின துண்டு என்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது சின்னையா. அவனிட்ட ஒண்டும் இல்லை," என்றார். சின்னையா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் முகம் கொடுத்துக் கதைத்ததை நான் காணவில்லை.

பஸ் டிப்போவில் மரெக் என்றொரு போலந்து மெக்கானிக் இருந்தான். அண்ணை அவனிடம் ஊர்ப்பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். அவன் முதலில் சிரித்தானாம். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினானாம். நோவா வியெஷ் என்றால் புதிய ஊர். போலந்தில் அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் பின்னால் பெரியது, சின்னது என்று வால் இருக்கும், பலவற்றுக்கு அதுவும் இல்லை. இதை எனக்குச் சொல்லும்போது அண்ணை ஒரு விசித்திரமான சமாதானம் வைத்திருந்தார். "அவங்களும் எங்களை மாதிரித்தான் ஐசே. எங்களிலயும் எத்தினை புத்தூர் இருக்கு. புதுசாக் குடியேறினவன் பக்கத்து ஊரானைக் கேட்டே பேர் வைக்கிறான்?"

அவருடைய பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஓடி வருகிற ஒருவரைக் கண்ணாடியில் கண்டால் எடுக்கவே மாட்டார். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், டிப்போவில் முறைப்பாடு போகும். நானே ஒருநாள் பின்னாலிருந்து, "அண்ணை, எனக்கு நேரம் போகுது," என்று கத்தியிருக்கிறேன். "ஒருத்தனை விட்டிட்டு ஒருக்காப் போனது போதும்," என்றார், திரும்பிப் பாராமல். பிறகு நான் அவருடைய பஸ்ஸில் வாய் திறந்ததில்லை.

ஒவ்வொரு கோடையிலும் லீவு முழுவதும் அவருக்குப் போலந்துதான். அக்கா புட்டும் இடிச்ச சம்பலும் கட்டிக் கொடுப்பார். ஒரு தடவை நானும் போனேன். உண்மையைச் சொன்னால் ஊர் பார்க்கும் ஆசையில்தான் போனேன், பார்த்ததெல்லாம் ஒரே ஊரைத்தான். பலகையில் நோவா வியெஷ், ஒரு தேவாலயம், உருளைக்கிழங்குத் தோட்டம், குரைக்கும் நாய். அடுத்த நாளும் நோவா வியெஷ். போலிஷில் அண்ணைக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி: பனிக்காலத்தில் காய்ச்சல் வருத்தத்தோடு வந்த ஒரு கறுத்தப் பெடியன் இங்கே இருந்தானா? மரெக் சொல்லிக்கொடுத்தது. வருகிற பதில் அவருக்கு விளங்காது. கேட்டுவிட்டு ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். கதவைத் திறந்த மனிதர் கையை விரித்ததும், தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போவார்.

ஓர் ஊரில் ஆங்கிலம் தெரிந்த பாதிரியார் ஒருவர் எங்களைச் சவக்காலைக்குக் கூட்டிப்போனார். மூலையில் பெயரில்லாத ஒரு சிலுவை. முன்னொரு காலத்தில் பனியில் கண்டெடுத்த வெளிநாட்டு உடல் என்றார். எந்த வருடம், எந்த நாட்டவர் என்று அவருக்குத் தெரியாது. அண்ணையின் தோளைப் பிடித்து, "இதுதான் எண்டு வைப்பம் அண்ணை. ரெண்டு பூவை வைச்சுக் கற்பூரம் கொளுத்துவம். காணும், விடுங்கோ," என்றேன்.

அவர் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "இது ஆரோ ஒருத்தன்ர தம்பி," என்றார். "என்ர எண்டு நான் எடுத்திட்டா, இவன்ர அண்ணன் தேடி வரேக்குள்ள என்ன செய்வான்?" பாதிரியாரிடம் ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றிவைத்தார். யாருக்கோ ஏற்றினார். நான் மதிலருகே போய் நின்று அழுதேன்.

அந்த ஊரை விட்டு வெளியேறும்போது திடீரென்று காரை ஓரம் கட்டினார். தெருவோரத்தில் ஒரு பலகை. நோவா வியெஷ் என்ற பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. அங்கெல்லாம் ஊர் தொடங்கும் இடத்தில் வெறும் பெயர் நிற்கும், ஊர் முடியும் இடத்தில் அதே பெயரின் மேல் கோடு இழுத்திருக்கும். அவர் இறங்கிப்போய் அதன் முன்னால் நின்றார். பசிக்கிறது என்று நான் ஹோர்ன் அடித்தேன். திரும்பி வந்தவர் லண்டன் வரும்வரை சரியாகக் கதைக்கவில்லை. சவக்காலையை நினைத்துத்தான் அப்படி இருக்கிறார் என்று நான் எண்ணினேன்.

அவர் எதை நினைத்திருந்தார் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அக்கா தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார். விரல்களில் பலமே இல்லை. "அந்தப் பலகையில சிவப்புக் கோடு இருந்ததோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை," என்றார். எனக்கு விளங்கவில்லை. "தம்பியை இறக்கிப்போட்டு வான் வெளிக்கிட்ட பிறகுதான் நான் பலகையைக் கண்டனான். கோடு இருந்திருந்தா அவன் இருந்த ஊர் நோவா வியெஷ். கோடு இல்லாட்டி, நோவா வியெஷ் நாங்கள் போய்ப் புகுந்த அடுத்த ஊர். அவனை விட்டது அதுக்கு முந்தின ஊர். அந்த ஊருக்கு என்ன பேரோ." எங்கள் தெருக்களில் ஊர் முடிகிறது என்று எவன் பலகை நட்டு வைத்தான்? பலகையில் பெயர் இருந்தால் அதுதான் ஊர் என்று நம்பி வளர்ந்த மனிதர், அந்தக் கோட்டின் அர்த்தத்தை அன்றைக்குத்தான் யோசித்திருக்கிறார். அத்தனை கோடைகளும், அத்தனை கதவுகளும், பிழையான ஊர்களாக இருக்கலாம்.

சிவப்புக் கோடு இருந்திருக்கும் அண்ணை என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்ர அறிவித்தலில நீர் 'காலஞ்சென்ற' எண்டு போடும். தம்பியின்ர பேருக்கு முன்னால. இனித் தேட ஆளில்லை," என்றார். வாழ்நாளெல்லாம் யாரையும் சொல்லவிடாத அந்தச் சொல்லை அவரே சொன்னார். அன்றைக்கு அவர் பாதி இறந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நோர்பரி வீட்டுக்குப் போய், அண்ணை சொன்னதை ஒன்றும் ஒளிக்காமல் அக்காவிடம் சொன்னேன். ஹரோ சின்னையாவும் அங்கே இருந்தார். அவர் எழும்பி அக்காவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா கையிலிருந்த துவாயை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"அவர் சொன்னாச் சொல்லட்டும். நீங்கள் போடாதேங்கோ தம்பி," என்றார். "இண்டைக்கு ஒராளுக்குத்தான் என்னால அழ ஏலும்."

கடைக்குத் திரும்பிவந்து எழுதினேன். பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மனைவி. சகோதரர் என்ற இடம் வந்தது. 'காலஞ்சென்ற' நான் எழுதாத நாள் இல்லாத சொல், கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பேன். அன்றைக்கு விரல் போகவில்லை. 'ரமணன் (போலந்து)' என்று அடித்தேன். ஊர்ப்பெயர் போடவில்லை. போட எனக்குத் தெரியாது.

குகன் அண்ணையைத் தெரிந்தவர்களே, அவர் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட ஒரு சொல் இருக்கிறது. அதை நான் இன்னும் அடிக்கவில்லை.