ஆடி மாதத்தில் ஒரு தோபா ஏரி

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த டிராவல் ஏஜென்சிக்குப் பக்கத்திலேயே ஒரு பூக்கடை இருந்தது. கதவைத் திறந்தால் ஏர்கோன் குளிருக்குள் மல்லிகை வாசமும் சேர்ந்து வரும்...

எனக்கு ஹனிமூன் என்றால் இன்றைக்கும் அந்த வாசம்தான்.

கல்யாணமான புதிது. பெரியவர்கள் பார்த்து முடித்து வைத்தது. நானும் அவரும் தனியாகப் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு டீ ஆறும் நேரம்கூட வராது. பண்டமாரானில் மாமியார் வீடு நிறைய ஆட்கள். நான் அடுப்படியில் இருந்தால் அவர் ஹாலில். நான் ஹாலுக்கு வந்தால் அவர் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருப்பார். இந்த மனிதரோடு எனக்கு ஒத்துவருமா, பேசினால் பேச்சு வருமா, ஒன்றும் தெரியாது. அதற்காகவே எனக்கு அந்த ஹனிமூன் வேண்டியிருந்தது.

ஏஜென்சி மேசை மேல் பளபளவென்று படங்கள். சுமத்ராவின் தோபா ஏரி.

"பராபாட்ல பெரிய ஹோட்டல் இருக்கு அக்கா, ஏரி ஓரமாவே. இல்லாட்டி ஃபெரி ஏறி சமோசிர் தீவுக்குப் போகணும். அங்க ஒண்ணும் இருக்காது... ஹனிமூன்னா அதான் லா நல்லது!" என்று கவுன்டர் பெண் சிரித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எது புடிச்சிருக்கு?"

என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை. புடவையிலிருந்து மண்டபம் வரை எல்லாம் மற்றவர்கள் பார்த்து முடித்ததுதான். நான் தீவைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு ஜூலை கடைசியில்தான் லீவு. அந்தத் தேதிக்கே டிக்கெட் போட்டாயிற்று.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். மாமியார் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ஐயோ, இது ஆடி லா! மொத ஆடிக்குப் பொண்ணு அம்மா வீட்டுலல்ல இருக்கணும்? ரெண்டு பேரும் சேர்ந்து பயணமாம் பயணம்!"

நாங்கள் இங்கிலீஷ் தேதியை மட்டும் பார்த்திருந்தோம். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். இந்த ஊரில் வருஷம் முழுக்கச் சித்திரைதானே என்று எனக்குத் தோன்றியது. புது மருமகள் வாயைத் திறக்க முடியுமா? அவராவது ஏதாவது சொல்வார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் "சரிம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆடி பிறந்ததும் அம்மா பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சீரோடு வந்து என்னை அழைத்துப் போனார். காரில் வழியெல்லாம் எனக்கு அழுகை. தோபா கைவிட்டுப் போனதற்காக இல்லை... எனக்காக ஒரு வார்த்தை பேசாத ஆளோடு காலம் முழுக்க எப்படி இருப்பது என்றுதான்.

ஒரு நாள் சாயங்காலம் போன் அடித்தது. அவர்தான்.

"கொமியூட்டர் ரயில்ல வந்தேன். சென்ட்ரல் ஸ்டேஷன்ல நிக்கிறேன்... வரியா?"

"ஆடி ஆச்சே?"

"ஒண்ணா தங்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஒண்ணா நடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

பாசாருக்குப் போய்க் காய் வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பாசார்ல பாக்குறவர இங்க வந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு."

மியூசியத்தைத் தாண்டி லேக் கார்டன் ஏரி வரை நடந்தோம். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கோபத்தை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு ஏன் எனக்காக ஒண்ணுமே பேசல?"

அவர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "நான் சண்ட போட்டா அம்மா என்னையா திட்டுவாங்க? வந்த உடனே மகன மாத்திட்டான்னு உன்னத்தான் சொல்லுவாங்க. நீ அந்த வீட்டுல இருக்கணும்ல..."

எனக்குக் கண் கலங்கியது. என்னைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார், நான்தான் அவரை ஊமை என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு அவர் கையை நீட்டினார். "இந்தா, நாம உக்காந்திருக்கோமே, இது பராபாட். அந்தக் கரை சமோசிர். எங்க போலாம்?"

சுற்றி நடந்து அந்தக் கரைக்குப் போனோம். அந்த ஆடி முழுக்க, வேலை முடிந்து அவரால் வர முடிந்த நாளெல்லாம் இதே கேள்விதான். "இன்னைக்கு எங்க? பராபாட்டா, தீவா?" மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கி நின்று பேசினோம். ஆடி முடிந்து பண்டமாரானுக்குத் திரும்பியபோது எனக்கு அந்த வீட்டில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

நிஜத் தோபாவுக்கு இன்றுவரை போகவில்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை, அப்புறம் மகள் வயிற்றில் வந்துவிட்டாள்.

அந்த மகளுக்குத்தான் இப்போது கல்யாணம். சுவிட்சர்லாந்தில் எந்த ஏரிக்கரை என்று மாப்பிள்ளைப் பையனோடு வீடியோ கோலில் மணிக்கணக்காகப் பேச்சு. ரூம் ஜன்னலிலிருந்து தண்ணீர் எப்படித் தெரியும் என்பதுவரை போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் பேசிப் பேசி ஒருவரையொருவர் தெரிந்துகொண்டவர்கள். நல்லதுதான்.

நேற்று கேட்டாள், "நீங்க எங்கம்மா ஹனிமூன் போனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து அவர் சொன்னார்: "தோபா ஏரி. உங்கம்மாவுக்குத் தீவுதான் புடிக்கும்."

மகள் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு ஏங்கிய தனிமை இப்போது இந்தத் தனி வீட்டில் தினமும் கிடைக்கிறது... ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு அதை ஓட்டிவிடுகிறோம். அதை நினைத்தபோது சங்கடமாக இருந்தது.

"இன்னைக்கு எங்க? பராபாட்டா, தீவா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். நான் கார் சாவியை எடுக்கப் போனேன்.

"சாவிய வை. கொமியூட்டர்லயே போலாம்."