ஓட்டையில்லாத வீடு

என் கணவருக்கு வேலையே கசிவு கண்டுபிடிப்பதுதான். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில், குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்ப்பார். கிளம்பினால் அடைப்பார். இருபது வருடமாக இதையே செய்த மனுஷனிடம் வீடு கட்டும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு ஆஸ்துமா. நாங்கள் முன்பு இருந்த அடுக்குமாடி வீட்டில், தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பும் சாயங்காலங்களில் எனக்கு இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரண்டாவது முறை, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம கட்டப்போற வீட்டுல ஒரு பொட்டு வெளிக்காத்து வராது, பாரு" என்றார். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சன்னலுக்கு மேலே எல்லா வீட்டிலும் வைக்கும் துளைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, காத்து போக வழி வெக்கலன்னா வீடு வேர்க்கும் லா. செவுரெல்லாம் பூஞ்சை புடிச்சிரும்."

"ஏர்கோன் இருக்கு."

"அலமாக், வீடு கட்டுறீங்களா, ஐஸ் பெட்டி கட்டுறீங்களா?"

இவர் சிரிக்கவில்லை. சன்னல் சட்டங்களைச் சுற்றி சிலிக்கோன் பசை, கதவு விளிம்புகளில் ரப்பர் பட்டை, ஒயர் நுழையும் துளைகளில் நுரை. சமையலறைச் சன்னல் தொழிற்சாலையைப் பார்த்த மாதிரி இருந்ததால், திறக்கவே முடியாத ஒற்றைக் கண்ணாடியாகப் பதிக்கச் சொன்னார். அதன் பிறகு ஊதுபத்தி. கொளுத்தி, விளிம்போரமாக மெல்ல நகர்த்துவார். புகை சாய்ந்தால் அங்கே காற்று நுழைகிறது. உடனே ஒரு பிதுக்கு சிலிக்கோன். சாமிக்குக் கொளுத்தியதைவிட சன்னலுக்குக் கொளுத்தியதுதான் அதிகம். அந்த நேரத்தில், புகை ஆகாதென்று என்னைக் காரில் போய் உட்காரச் சொல்லிவிடுவார்.

வேலை முடிந்த அன்று எல்லாக் கதவுகளையும் சாத்திக் காட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நெஞ்சை அடைத்தது. அது ஆஸ்துமா இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் திறங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எல்லாமே எனக்காகச் செய்தது. சொந்தக்காரர்கள் வேறு, "குடுத்து வெச்சவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பேரைச் சொல்லியே என் வாயையும் அடைத்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குங்க" என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

கிரகப்பிரவேசத்துக்கு ஐயர் ஹோமம் வளர்த்தார். தீ அலையக்கூடாதென்று காற்றாடியையும் ஏர்கோனையும் நிறுத்தச் சொன்னார். ஓர் ஊதுபத்திக்கே என்னை வெளியே அனுப்பிய என் கணவர், ஹோமத்தைப் புகை என்றே நினைக்கவில்லை. "ஹோமப் புகை ஒடம்புக்கு நல்லது" என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டிய சடங்கு, எழுந்து போகவும் முடியாது. கூடத்துச் சன்னலை யாரோ திறக்கப் போனார்கள். "தொறக்காதீங்க, வெளிக்காத்து அவளுக்கு ஆகாது" என்று தடுத்தார்.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வேறெங்கும் திறப்பு இல்லாததால் புகை நகரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லோரும், நல்ல சகுனம் என்றார்கள்.

ஹோமம் முடிந்து பால் காய்ச்ச சமையலறைக்குப் போனேன். புகை எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. பால் பொங்குவதற்குள் மூச்சு நின்றுபோன மாதிரி ஆனது. மருந்துப் பம்பு காரில், கைப்பைக்குள் இருந்தது. கூடத்து வழியே போனால் இன்னும் புகை; பின்கதவைப் பிடித்து இழுத்தேன். முந்தின நாள் மறுபடி ஒட்டிய ரப்பரின் பசை காயவேண்டுமென்று கதவைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். நகத்தால் கீறினேன், வரவில்லை. சன்னல் கண்ணாடியைக் கையால் தட்டினேன். வெளியே வேலியோரம் நின்ற வாழை இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. செத்துப்போவேன் என்று நினைத்தேன். அதைவிட, இந்த வீட்டைக் கட்ட விட்டோமே என்று கோபம் வந்தது.

வீடு முழுக்கத் தெளிக்க வேண்டிய கலசத் தண்ணீரோடு அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கலசச் செம்பாலேயே சன்னலை ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் கண்ணாடி உடைந்தது.

உள்ளே வந்த காற்றில் அதே தொழிற்சாலை நாற்றம். இத்தனை மாதம் சிலிக்கோன் வைத்து அவர் துரத்திய அதே காற்று. அதைத்தான் அந்த ஓட்டையில் முகம் வைத்துக் குடித்தேன். யாரோ ஓடிப்போய்ப் பம்பை எடுத்துவந்தார்கள்.

முதல் நாளே கண்ணாடி உடைந்ததே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். இவர் தரையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

"நாளைக்கு வேற கண்ணாடி போட்டுர்றேன்" என்றார்.

"தொறக்கிற மாதிரி போடுங்க."

"காத்து அந்தப் பக்கமிருந்து வந்தா?"

"நான் மூடிக்கிறேன். எனக்குக் கை இருக்குங்க."

இப்போது அந்தச் சன்னலுக்கு ஒரு கொக்கி இருக்கிறது. சாயங்காலம் நாற்றம் கிளம்பினால் அவர் எழுந்து அதன் பக்கத்தில் போய் நிற்பார். கை கொக்கி வரைக்கும் போகும். பிறகு என் பக்கம் திரும்பி, "மூடவா?" என்று கேட்பார்.