புகைக்குள் கேட்ட ‘நாலு’

பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்க சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், புகைமூட்டம் கோலாலம்பூரைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்த வாரங்களில் ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு முன்னால் பார்வையற்றவர்கள் ஆறேழு பேர், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாகச் சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் முன்னால் நின்றவர் ‘ஒண்ணு’ என்றார். பின்னாலிருந்து ‘ரெண்டு’, ‘மூணு’ என்று குரல்கள் வந்தன. கடைசி ஆள் தன் எண்ணைச் சொன்ன பிறகுதான் வரிசை நகர்ந்தது.

அட, இதுதானே நமக்கு வேண்டியது என்று மனம் துள்ளியது. பச்சை விளக்கு எரிந்து அணைந்ததுகூடத் தெரியாமல், நடைபாதையிலேயே நின்று எங்கள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

எங்களுடையது சின்ன கிளப். கிள்ளானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பின் திடலில் ஞாயிறு காலைகளில் வாலிபால் ஆடுவோம். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். பெட்டாலிங் ஜெயாவில் அலுவலக வேலை பார்க்கும் நான்தான் அதில் அதிகம் துள்ளுகிற ஆள். அடுத்த வாரம் ஞாயிறன்று முதல் முறையாக ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம். உள்ளரங்கப் போட்டி என்பதால் புகையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப் போவதில்லை. ஆனால் எங்களுக்கோ பயிற்சி இரண்டு வாரமாக இல்லை. திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கரிமண் நிலத்தில் தீ பிடித்து, மண்ணுக்கு அடியிலேயே கனன்று கொண்டிருந்தது. காலையில் பனியும் அந்தப் புகையும் சேர்ந்து தரையில் படுத்துவிடும். நெட் தெரியும். நெட்டுக்கு அப்பால் நிற்பவர் தெரியமாட்டார்.

நாளைக் காலை புகைக்குள்ளேயே ஆடலாம் என்ற என் செய்திக்கு, கேப்டன் அண்ணன் உடனே குரல் பதிவு அனுப்பினார். “தங்கச்சி, பந்து எங்க வருது, ஆள் எங்க நிக்கிறான்னு எப்படித் தெரியும்? நாம என்ன கண்ணு தெரியாத ஆளுங்களா?”

“அதான் அண்ணே ஐடியாவே!” என்றேன்.

ஒவ்வொரு சர்வுக்கு முன்பும், பந்தை வாங்கும் ஆறு பேரும் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆறும் கேட்டால்தான் எதிர்ப்பக்கம் சர்வ் போடலாம். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது காதுக்குத் தெரிந்துவிடும். கண்ணை நம்பாமல் ஆடப் பழகினால் போட்டியில் பறக்கலாம் என்று வேறு எழுதி, மூன்று கைதட்டல் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வருவதற்குள் அடுத்த செய்தி, அதற்குள் இன்னொன்று. கடைசியில் கேப்டன் அண்ணன் அலுத்துப் போய் ‘ஒரு மணி நேரம் மட்டும்’ என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நாங்கள் பதினோரு பேர் வந்தோம். அந்தத் திடல் அது மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. சூரியன் விளக்காத பித்தளைத் தட்டு போல் ஒரு மூலையில் தொங்கியது. விடிந்தால் கத்தித் தீர்க்கும் மைனாக்களின் சத்தமே இல்லை. பொது மண்டபத்தின் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. கால் வைத்த இடம் மட்டும் புல், அதற்கு அடுத்த அடி வெறும் வெள்ளை.

எங்கள் நாலாம் நம்பர், ஐம்பதைத் தாண்டிய ஒரு அங்கிள். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் பின்வரிசை இடது மூலையில் அவர் நின்றால் பந்து கீழே விழாது. அன்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

“மா, இன்னிக்கி மூச்சு கொஞ்சம் சரியா வரல. நான் சைட்ல நின்னு பந்து எடுத்துப் போடட்டா?”

“நீங்க இல்லாம அந்தக் கார்னர யாரு எடுப்பா அங்கிள்? நாலு பந்து ஓடினா சரியாயிடும் லா. வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா ஓகே, போய் உட்காருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முகக்கவசத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் மூலைக்குப் போனார். நாலைந்து அடியிலேயே வெள்ளை அவரை மூடிக்கொண்டது.

முன்வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றாம் நம்பர் கேப்டன் அண்ணன். பின்வரிசையில் நாலாக அங்கிள், நடுவில் ஐந்தாக நான், எனக்கு வலப்பக்கம் ஆறாக ஒரு பாலர் பள்ளி ஆசிரியை, அமைதியான பெண். எதிர்ப்பக்கம் ஐந்து பேர். சர்வ் போட்டவர் எங்கள் லோரி ஓட்டுநர் அண்ணன்.

“பாஸ், அந்தப் பக்கம் யாராச்சும் உயிரோட இருக்கீங்களா?” என்று அவர் புகைக்குள்ளிருந்து கத்தினார்.

“போடுய்யா, பேயெல்லாம் ரெடி!” என்றார் கேப்டன் அண்ணன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. அடித்த சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரு கணம் ஒன்றுமிருக்காது. திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து பந்து முகத்துக்கு நேராக முளைக்கும். பயமும் குஷியுமாக இருந்தது. எண்ணிக்கை சூடு பிடித்துவிட்டது. ஒண்ணுரெண்டுமூணுநாலுஅஞ்சுஆறு, டப். ஒண்ணுரெண்டுமூணுநாலுஅஞ்சுஆறு, டப். நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. இதை வீடியோவாக எடுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டே ஆடினேன்.

கொஞ்ச நேரத்தில் இடது மூலையில் ஒரு பந்து விழுந்தது. யாரும் தொடவில்லை. அடுத்து இன்னொன்று. “அங்கிள், தூங்கிட்டீங்களா?” என்று கத்தினேன். பதில் இல்லை. ஆனால் அடுத்த எண்ணிக்கையில் ‘நாலு’ கேட்டது. புகையில் குரல்கள் இடம் மாறித்தான் கேட்கும். முன்னால் இருப்பவர் குரல் பின்னாலிருந்து வரும். இந்த ‘நாலு’ மட்டும் என் காதுக்குள்ளேயே ஒலித்த மாதிரி இருந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, பந்து வந்துவிட்டது.

எங்கோ ‘டிங்... டிங்...’ என்று ஒரு சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் கொடிக்கம்பத்தில் கயிற்றின் கொக்கி மோதுகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சர்வ் எங்கள் எல்லார் தலைக்கும் மேலே போய் இடப்பக்கம் வெளியே விழுந்தது. அங்கிள் எடுத்துத் தருவார் என்று காத்திருந்தேன். பந்து வரவில்லை. நானே எடுக்க ஓடினேன். பத்தடி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். நெட்டையும் காணோம், ஆட்களையும் காணோம். நான் போனது தெரியாமல் எதிர்ப்பக்கம் இன்னொரு பந்தைக் கையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. “ரெடியா? எண்ணுங்க!” என்று லோரி அண்ணன் குரல்.

“ஒண்ணு!”

“ரெண்டு!”

“மூணு!”

அதோடு நின்றது.

அஞ்சு சொல்ல வேண்டிய நான் இங்கே நிற்கிறேன். ஆனால் நாலு ஏன் வரவில்லை? “நாலு! யோவ், நாலு!” என்று கேப்டன் அண்ணன் கத்துவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் இருந்தது. மறுபடி எண்ணினார்கள். மறுபடி மூன்றோடு நின்றது. நான் கோர்ட்டில் இருந்தவரை வந்துகொண்டிருந்த ‘நாலு’, நான் வெளியே வந்ததும் இல்லாமல் போய்விட்டது.

டிங்.

அப்போதுதான் கவனித்தேன். காற்றே இல்லை. புகை என்னைச் சுற்றிப் பஞ்சு அடைத்தது போல் அசையாமல் நின்றது. இன்னும் நாலடி போனேன். கொடிக்கம்பம் தெரிந்தது. கயிறு ஆடாமல் நேராகத் தொங்கியது.

சத்தம் கீழேயிருந்து வந்தது. கம்பத்தின் அடியில் அங்கிள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வீட்டுச் சாவி. அதைக் கொண்டு கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின, ஆனால் மூச்சு உள்ளே போகிற மாதிரி தெரியவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. பந்து அவர் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் அலறினேன். “யாருமா அது? அஞ்சா? நம்பர சொல்லு!” என்று யாரோ சிரித்துக்கொண்டே பதில் கொடுத்தார்கள். விளையாட்டில்லை என்று புரியவைக்க நான் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. அதற்குள் என் குரலைப் பிடித்துக்கொண்டே முதலில் ஓடி வந்தது அந்த ஆறாம் நம்பர் பெண்தான். நான் அங்கிளைப் படுக்க வைக்கப் போனேன். “வேணாம்! உட்கார வச்சே தூக்குங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இழுக்கும்” என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

லோரி அண்ணனின் காரில் ஏற்றினோம். விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். கேப்டன் அண்ணன் கைப்பேசி வெளிச்சத்தோடு காருக்கு முன்னால் ஓட, அந்த ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே பெரிய சாலை வரை வந்தோம். பின்இருக்கையில் நானும் அந்தப் பெண்ணும் இரண்டு பக்கமும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தோம். என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடி, போகப்போகத் தளர்ந்தது. அது தளரத் தளர நான் இறுக்கிப் பிடித்தேன்.

மருத்துவமனையில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவாம். கிளப்பில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி வந்து எங்களைப் பார்த்துவிட்டு, கதவுக்கு நேரே போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, ஆபத்தில்லை, ஆக்சிஜனில் இருக்கிறார் என்றார்கள்.

நாங்கள் நடைவழிக்கு வந்து நின்றோம்.

“எனக்கு ஒண்ணு புரியல. பந்து வெளிய போறதுக்கு முன்னாடிகூட நாலு கேட்டுச்சே” என்றார் கேப்டன் அண்ணன்.

“எனக்கும் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு லா” என்றார் லோரி அண்ணன். குரல் இறங்கிவிட்டது. “அங்கிள் அங்க கிடந்தாருன்னா, அப்ப சொன்னது யாரு அண்ணே?” அவர் கை தானாகக் கழுத்திலிருந்த தாயத்துக்குப் போனது. அந்தத் திடலைப் பற்றிக் கேள்விப்பட்ட பழைய பேய்க் கதைகள் எல்லாம் எனக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

ஆறாம் நம்பர் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அக்கா, நீங்கதான் சொன்னீங்க.”

“நானா?”

“மூணுக்கு அப்புறம் சத்தமே இல்ல. நீங்க ‘நாலுஅஞ்சு’ன்னு ஒரே மூச்சுல சொன்னீங்க. ஏழெட்டு தடவ. அங்கிள் உங்ககிட்ட சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போயிருப்பாருன்னு நெனச்சேன்.”

எனக்கு ஞாபகமே இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் அவள் சொன்ன கணத்திலேயே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. என் முறை வர வேண்டும் என்ற அவசரம். நடுவில் ஒரு எண் விழாவிட்டால் ஆட்டம் நிற்கும், அது நிற்கக் கூடாது. அந்த ஓட்டையை என் வாயே அடைத்துவிட்டிருக்கிறது. காதுக்குள் ஒலித்த குரல் என்னுடையதுதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கேப்டன் அண்ணன் எழுந்து போய் எனக்குச் சூடாக ஒரு கப் மைலோ வாங்கி வந்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். அங்கிள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, எவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“தெரியலமா. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரலாம்னு போனேன். உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல, கூப்பிடவும் முடியல. ஆனா நீங்க எண்ணுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாலு வரும்போது யாரும் சொல்ல மாட்டாங்க, உடனே தேடி வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “என் நம்பரயும் சொல்லிட்டீங்க. ஒவ்வொரு தடவயும் சொன்னீங்க. அப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சுமா. நான் அங்க ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன் போல, இங்க உட்கார்ந்திருக்கிறது வேற யாரோன்னு தோணிடுச்சு. அப்புறம்தான் சாவிய எடுத்தேன்.”

சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் போட்டிக்கு நாங்கள் போகவில்லை. புகை கலைந்தது, மழை வந்தது. மூன்று மாதம் கழித்து அங்கிள் கால்சட்டைப் பையில் இன்ஹேலரோடு திடலுக்குத் திரும்பி வந்தார். அதே மூலை. இப்போதும் பந்து கீழே விழுவதில்லை. அந்த எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டோம். ஏன் விட்டோம் என்று யாரும் பேசுவதில்லை. அன்று ‘நாலு’ சொன்னது யார் என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவர் காதுபட யாரும் சொல்லாமல் எனக்காக இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் கனக்கிறது.

வெயிலடிக்கும் காலைகளில்கூட, மூலையில் அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் போதும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஷூ கயிறு கட்டுவது போல் குனிந்து, அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன், அவரும் நானும் நெட் கட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடப் போகிறேன். இதற்கு முன் நாலைந்து முறை வாய் வரை வந்து திரும்பிய விஷயம்தான். அவர் சிரிக்கலாம், அல்லது கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதுவானாலும், ஓர் ஆள் இல்லாமல் போன இடத்தை என் அவசரத்துக்காக நானே நிரப்பிக்கொள்ள முடியும் என்று அந்தப் புகை எனக்குக் காட்டிவிட்டது. அதை அவரிடம் சொல்லாத வரை, கம்பத்தடியில் அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.