சிரட்டையில் வைத்த சந்தோசம்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். கொப்பியை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், உலை கொதிக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்துப் பிழையாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், இதில் வருகிற சனமெல்லாம் எங்கள் ஒழுங்கையில், ஒரே சந்துக்குள் குடியிருக்கிற சனம். பாதிப்பேர் சொந்தக்காரர். ஒரே பிள்ளையார் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று திருநீறு வாங்குகிறவர்கள். இப்போது பயம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. எழுத அது போதும்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட காலம். எங்கள் வீட்டுக்காரருக்கு அதற்கு முந்தைய வருடம்தான் நெஞ்சில் ஒப்பரேசன் செய்திருந்தார்கள். இந்த வருத்தம் அவருக்குத் தொற்றினால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் வாசல் படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. சுன்னாகத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் பாஸ் எடுத்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் அனுப்பினார். அதைக் கொண்டுவந்தவர் நாற்பது வயது தாண்டிய மனிதர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். முன்பு அதே கடையில் மூட்டை இறக்கியவர். பின்னுக்குப் பிளாஸ்டிக் பெட்டி கட்டி, வெயிலில் மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டிப்போக வருவார். "அக்கா, சாமான்!" என்று கூப்பிட்டுப் பையைப் படலையில் கொழுவிவிட்டு எட்டப் போய் நிற்பார். எங்கள் வீட்டுக்காரருடைய மருந்துத் துண்டைக் கொடுத்தால் பார்மசியில் வரிசையில் நின்று அதையும் வாங்கி வருவார். அது அவருடைய வேலையே இல்லை.

கூலிக்கு மேலே மனம் உவந்து கொடுக்கிற காசை நாங்கள் சந்தோசம் என்போம். அவருக்குச் சந்தோசம் கொடுப்பதா, எவ்வளவு, எப்படி என்று எங்கள் ஒழுங்கையின் வைபர் குழுவில் பெரிய வழக்கே நடந்தது. நோய்க் காலத்தில் இரண்டு மடங்கு கொடுக்கவேண்டும் என்றார் ஒருவர். கடைக்காரர் சம்பளம் கொடுக்கிறார்தானே, நாங்கள் ஏன் பழக்கவேண்டும் என்றார் இன்னொருவர். "அவை கூடுதலாக் குடுத்தால் எங்கடை வெங்காயம் பிந்தித்தான் வரும்" என்று ஒரு மச்சாள் முறையானவ குரல் அனுப்பினா.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் எங்களுக்கு எதிர்வீட்டு ஐயா. அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். ஒழுங்கையில் கார் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். எல்லாரும் ஒரே அளவு கொடுக்கவேண்டும், கையில் கொடுக்கக்கூடாது என்றார். "படலைத் தூணிலை ஒரு சிரட்டையை வையுங்கோ, அதுக்குள்ளை காசைப் போடுங்கோ. ஆள் எடுத்தாப் பிறகு சிரட்டையை அடுப்பிலை போட்டால் கிருமியும் சரி." தேங்காய் துருவி மிஞ்சுகிற சிரட்டை இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் ஏது? எல்லாரும் சரி என்று பெருவிரல் படம் அனுப்பினார்கள்.

தெரியாத பிள்ளைகளுக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்த சனத்துக்கு ஒரு காலத்தில் தாங்கள் குடிக்கிற மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொடுக்கமாட்டார்கள். சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், குடித்ததும் எறியச் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் நரை விழுந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் மனதில் தட்டவில்லை. அல்லது தட்டியும் பேசாமல் இருந்தார்கள். அது பிள்ளையாருக்கே வெளிச்சம்.

நான் சிரட்டை வைக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் சொல்லமாட்டேன். சித்திரை வருசப்பிறப்பு வாரம். நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிற கைவிசேடக் காசு போலக் கொடுப்போம் என்று பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் காசை வைத்து மதிலில் வைத்தேன். அவ்வளவுதான்.

அவர் வந்தார். வீட்டுக்கு வீடு பையைக் கொழுவினார். பொலித்தீனில் கட்டித் தொங்கவிட்டிருந்த சாமான் காசை எடுத்தார். சிரட்டைகளைத் தொடவே இல்லை. என்னுடைய தட்டத்தில் இருந்ததை மட்டும் வெற்றிலையோடு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதிர்வீட்டு ஐயா அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இஞ்சை ஒண்டை விட்டிட்டீர்."

"அது இருக்கட்டும் ஐயா."

"ஏன், காசு காணாதோ?"

"காசிலை ஒண்டுமில்லை ஐயா. சிரட்டையிலை எடுக்கமாட்டன்."

"ஓகோ! உமக்கு வெள்ளித்தட்டிலை வைச்சுத் தரவோ?"

"தட்டு வேண்டாம். மதிலிலை வைச்சு ஒரு கல்லைத் தூக்கி வையுங்கோ, எடுக்கிறன். நிலத்திலை வேண்டுமெண்டாலும் வையுங்கோ."

"உது கொரோனாவுக்காக, ஐசே. ஆளைப் பாத்தோ வைச்சனாங்கள்?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனவர், காலை இறக்கிவிட்டுச் சொன்னார்: "என்ரை அப்பருக்குக் கொரோனா இருக்கேல்லை ஐயா. அவருக்கும் சிரட்டையிலைதான் தந்தவை."

அவர் போனபிறகுதான் எல்லாருக்கும் வாய் திறந்தது. திமிர் பிடித்தவன், ஊரடங்கில் பாஸ் கிடைத்த கொழுப்பு என்று குழு நிரம்பி வழிந்தது. அன்று பின்னேரமே ஐயா கடைக்காரருக்குப் போன் போட்டு, உவன் கூடுதலாகக் காசு கேட்டு வாய்காட்டுகிறான், வேறு ஆளை அனுப்பு என்று சொல்லிவிட்டார். அப்படிக் கேட்டது உண்மையென்றால் ஆளை நிற்பாட்டி, பாஸையும் திருப்பி வாங்கிவிடுவேன் என்று கடைக்காரர் சொன்னாராம். ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில் அந்த வேலை போனால் அந்த இரண்டு பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவது?

மறுநாள் காலை ஐயா எங்கள் படலைக்கு வந்தார்.

"பிள்ளை, கடைக்காரன் வீடு வீடாக் கேப்பான். எல்லாரும் ஒரே சொல்லாச் சொல்லவேணும். விளங்குதோ?"

"என்னெண்டு?"

"உவன் காசு கேட்டவனெண்டு."

"கேக்கேல்லையே ஐயா."

"கேட்ட மாதிரித்தானே! நாளைக்கு உம்மடை மனிசனுக்கு ஏதுமெண்டால் ஆரின்ரை கார் வரும்? உவன்ரை மோட்டார் சைக்கிளோ?"

உள்ளே வீட்டுக்காரர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும், "இஞ்சேரும், நீர் பேசாமல் ஓமெண்டு விடும். எங்களுக்கேன் ஊர்ப் பகை?" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உயிர்ப் பயம்.

சுவாமி அறைக்குள் போய் விளக்கேற்றினேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை. திருநீறு பூசிக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வராது, அவ்வளவுதான். கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அவன் காசு கேட்டவனோ, இல்லையோ? ஒரு வசனம் சொன்னால் காணும்."

"கேக்கேல்லை."

"மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் கேட்டதெண்டெல்லோ சொல்லினம்."

"அவர் காசு கேக்கேல்லைத் தம்பி. சிரட்டை வேண்டாமெண்டு கேட்டவர். அதுதான் எங்கடை ஆக்களுக்குச் சுட்டது. அவரை நிப்பாட்டினால் எங்கடை வீட்டுக்கும் உம்மடை சாமான் வேண்டாம்."

"அப்ப என்ரை மருந்து?" என்றார் இவர் கதிரையிலிருந்து.

"நான் நடந்துபோய் வாங்குவன். பொலிஸ் மறிச்சால் பொலிசுக்கும் இந்தக் கதையைச் சொல்லுவன்."

கடைக்காரர் வியாபாரி. எங்கள் ஒழுங்கையையும் பகைக்கவில்லை, அந்த மனிதரையும் நிற்பாட்டவில்லை. இனி ஒழுங்கைக்குள் ஆள் வராது, சந்தியில் சாமான் இருக்கும், வேண்டியவர்கள் வந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டார். சந்தியில் பெட்டியோடு நின்றது அதே மனிதர்தான்.

பழியெல்லாம் என் தலையில் விழுந்தது. "உவளாலை நாங்கள் வெய்யிலுக்கை நடக்கிறம்" என்றார்கள். கோயில் திறந்தபிறகு எங்கள் செலவில் நடக்கிற உபயப் பூசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஐயா ஆள் விட்டுச் சொன்னார். "பிள்ளையார் கோயிலை விட்டு எங்கையும் போகேல்லைத்தானே? அவர் இருப்பார், காணும்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் சந்தியில் எல்லாரும் எட்ட எட்ட நின்றோம். ஐயா குடையோடு வந்து, பையை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் போனார். வெங்காயம் பிந்தும் என்று சொன்ன மச்சாள் காசைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தா. "சந்தோசம் அக்கா" என்று அவர் எடுத்துக்கொண்டார். என் முறை வந்தது. நான் காசை நீட்டினேன்.

"பெட்டியிலை வையுங்கோ அக்கா. வீட்டிலை வருத்தக்காரர் இருக்கிறார்."

"கையை நீட்டும்."

"கழுவிப்போட்டன்தான்..."

"நானும் கழுவிப்போட்டன்."

கையில் வைத்தேன். கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரை இரண்டு பேரும் பூசிக்கொண்டோம். ஒழுங்கைச் சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

கொடுக்கிற முறை என்னவென்று என்னைக் கேட்டால், எவ்வளவு என்பதை உங்கள் மடி சொல்லும். எதில் வைத்து என்பதை வாங்குகிறவரிடம் கேளுங்கள். நோய் வந்தாலும் கேளுங்கள், நோய் போனாலும் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருடம் உபயத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கோயில் ஐயரும்தான். குறையொன்றும் வரவில்லை.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் இந்தக் கதையை ஒருவர் சொல்லக் கேட்டேன். அவருடைய கதையில் அது பிளாஸ்டிக் கோப்பை. சாமான் கொண்டுவந்தவர் கூடுதலாகக் காசு கேட்டாராம். நானொரு புண்ணியவதியாம். பந்தியில் இருந்தபடியே உரக்கச் சொன்னேன்: "கோப்பையில்லை. சிரட்டை." நான் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டேன்.

இதை வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது மாற்றாமல் சொல்லுங்கள். அவர் காசு கேட்டார் என்று ஆக்காதீர்கள். என்னை நல்லவள் ஆக்காதீர்கள், வருசப்பிறப்பு என்றபடியால் தட்டம் வைத்தவள் நான். சிரட்டையைக் கோப்பை ஆக்காதீர்கள். எங்கள் ஒழுங்கைக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.