நாலாவது மூச்சு

என் அக்காவுக்கு கம்பெனியில் வைத்த பட்டப்பெயர் மூணுமூச்சு. வைத்தவர்கள் யாரும் அதைப் பாராட்டாக வைக்கவில்லை. துணி வெட்டும் மெஷினின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அடுக்கிய துணியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுத்து விடுவாள். பன்னிரண்டு மீட்டர் நீள மேஜை, நூறு அடுக்குத் துணி, அதன்மேல் கை வைத்து நிற்கும் ஒரு பெண்பிள்ளை. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? எனக்கே வந்தது. அதே மேஜையில் துணி விரித்து, வெட்ட வேண்டிய அளவு வரைந்த பேப்பரை அதன்மேல் போடுகிறவள் நான். அவளுக்குக் கை வலிக்கிற நாளில் மெஷினும் பிடிப்பேன். கூடப் பிறந்தவள் என்பதால் சிரிக்க எனக்குக் கூடுதல் உரிமை இருந்தது.

"ஆசீர்வாதம் முடிஞ்சாச்சா?" என்பேன்.

"உனக்கும் சேர்த்துப் பண்ணிட்டேன். பேப்பரை நேராப் பிடி" என்பாள்.

இப்போது யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. போன மாதம் நடந்ததுதான் அதற்குக் காரணம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பதினேழு வயதில் பிசிறு வெட்டும் பிரிவில் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டையில் தொங்குகிற நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குவதுதான் அங்கே வேலை, நாள் முழுக்க. அங்கிருந்து வெட்டும் மேஜைக்கு வர ஐந்து வருஷம் ஆனது. அந்த மேஜையில் அதுவரை பெண் யாரும் நின்றதில்லை. "மெஷின் கனம்மா, உன்னால தூக்க முடியாது" என்றார்கள். "கேஸ் சிலிண்டரை மூணு மாடி ஏத்தறது எங்க வீட்ல நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக் காட்டினாள்.

மேஜைக்கு வந்த முதல் வருஷமே ஒரு கோட்டை விட்டாள். பனியன் துணியின் குணம் தெரிந்தால்தான் இது புரியும். மில்லில் அதை இழுத்து இறுக்கிச் சுற்றி ரோலாக அனுப்புவார்கள். ரோலைப் பிரித்துப் போட்டால், ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கித் தன் சொந்த அளவுக்கு வரும். அதை ஆற விடுவது என்போம். ஆறாத துணியை அவசரப்பட்டு வெட்டினால், வெட்டும்போது சரியாக இருக்கிற சட்டைக் கை, தைத்து முடிக்கும்போது குட்டையாகிவிடும். அன்றைக்கு அப்போதைய மாஸ்டர் அவசரத்தில் இருந்தார். அக்கா பேப்பரைச் சரிசெய்யத் துணி மேல் கை வைத்தவள், அது உள்ளுக்குள்ளே இழுப்பதை உணர்ந்தாள். மேலே வைத்த பேப்பர் லேசாக உப்புவது போலக்கூட இருந்ததாம். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. நேற்று வந்த பெண் சொன்னால் யார் கேட்பார்கள் என்று விழுங்கிவிட்டாள்.

அறுநூறு முழுக்கைச் சட்டை. எல்லாவற்றிலும் கை மணிக்கட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றுவிட்டது. பழியைச் சுமக்க ஆள் தேவைப்பட்டபோது மாஸ்டரின் விரல் புதிதாய் வந்தவள் பக்கம் நீண்டது. அந்த அறுநூறில் ஒரு நீலச் சட்டையை அவள் கேட்டு வாங்கி வந்தாள். இன்றைக்கும் பாத்ரூம் தேய்க்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்வாள். "வாயை மூடிட்டு இருந்ததுக்குக் குடுத்த பரிசு" என்பாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் கை வைப்பதும் மூச்சு விடுவதும். அதோடு நிற்கவில்லை. முக்கியமான விஷயம் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பதில் சொல்ல மாட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்பாள், தலைகீழாக நின்றாலும் அதுதான். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களையே அப்படித்தான் திருப்பி அனுப்பினாள். மாப்பிள்ளை, அதாவது எங்கள் மாமா, அந்த ஓர் இரவில் இரண்டு கிலோ இளைத்துவிட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வேலை முடிந்து வந்ததும் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காருவாள். போன் பைக்குள்ளே போய்விடும். "அந்த அஞ்சு நிமிஷம் நான் யாருக்கும் அம்மா இல்ல, யாருக்கும் பொண்டாட்டி இல்ல. அப்பதான் எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே கேக்கும்" என்பாள். முதல் தடவை பார்த்த எதிர்வீட்டம்மா, புருஷன் வெளியே தள்ளிவிட்டான் என்று நினைத்து மாமாவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். பாவம், மாமா அப்போது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வேறு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாதது அவளுடைய தோள்பட்டை வைத்தியம். முடிவு எடுத்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லும்போது தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறினால் அந்த முடிவு பொய். இறங்கியே இருந்தால் மெய். "வாய் புளுகும், மனசு புளுகும். தோளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பாள். நான் இதை ஒரு காசுக்கும் மதித்ததில்லை.

இனி மேனேஜர். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கழிவறைக்குப் போய்வருகிறவர்களையும் அதை வைத்து அளக்கிறார் என்று பேச்சு. பொய்யாக இருக்கலாம், ஆனால் நம்பும்படி இருந்தது. அக்காவின் மூன்று மூச்சுக்கு நாற்பது வினாடி ஆகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மனிதர் உடனே தடுக்கவில்லை. முதலில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, ஒரு ஏரிப் படம் போட்டு, எங்கிருந்தோ ஒரு அம்மணியை வரவழைத்திருந்தார்கள். "உங்களுக்குள்ள ஒரு குரல் இருக்கு. உலகத்துலயே உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சது அதுக்குத்தான். தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அதைக் கேளுங்க" என்று தேனொழுகப் பேசினார். கண்ணை மூடச் சொன்னதும் அயர்ன் பிரிவில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் குறட்டையே விட்டார், அவருடைய உள்குரல் அது. கடைசியில் ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். மறுநாள் எங்கள் மேஜைக்கு நேர் எதிரே சுவரில் "உன் உள்குரலைக் கேள்" என்று பெரிய போஸ்டர். மேனேஜரே ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினார்.

சரியாக எட்டாம் நாள் ரோல்கள் காலை ஒன்பதுக்கு வந்து இறங்கின. நான்கு மணிக்குள் வெட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும் என்றார் மேனேஜர். விரிக்கச் சொன்னார், விரித்தோம். பேப்பர் போட்டோம். அக்கா கை வைத்தாள். ஒரு மூச்சு விட்டவள் கையை எடுத்துவிட்டாள்.

"சார், துணி இழுக்குது. இன்னைக்கு வெட்டக் கூடாது. நாளைக்குக் காலைல வெட்டலாம்."

"லாரி நாளைக்குக் காத்திருக்காதும்மா."

"ஓரத்துல ஒரு முழம் அளந்து கோடு போடுங்க. சாயங்காலம் திரும்ப அளந்து பாருங்க. கோடு சுருங்கலைன்னா நான் இந்த மேஜைப் பக்கமே வரலை."

"உன் மந்திர தந்திரத்துக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. இது உத்தரவு. வெட்டலைன்னா மேஜையை விட்டு இறங்கு. பிசிறுக்குப் போ."

பத்தொன்பது வருஷமாக அவள் நிற்கிற மேஜை அது. கத்தி படாமலிருக்க வெட்டும்போது மாட்டும் எஃகுக் கையுறையை அக்கா இடுப்பிலிருந்து உருவி மேஜையில் வைத்தாள். முகத்தில் அலட்டலே இல்லை. போஸ்டரை ஒரு தடவை பார்த்தாள்.

"கேக்கச் சொல்லி ஒட்டினது நீங்கதானே சார்? கேட்டேன். வெட்டாதேங்குது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ வெட்டு. இன்னைலருந்து இந்த மேஜை உனக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை வந்தது. பதினொரு வருஷமாகத் துணி விரிக்கிறேன், அவள் வெட்டுகிறாள், மாஸ்டர் என்று அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கையுறையை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். அக்கா என்னைத் தடுக்கவில்லை, முறைக்கவும் இல்லை. நான் என்ன செய்தாலும் என்னோடு பேசுவாள் என்கிற முகத்தோடு நின்றாள். அதுதான் என்னை வதைத்தது.

துணி மேல் இரண்டு கையையும் வைத்தேன். மூன்று மூச்சு விட்டேன். ஒன்றுமே தெரியவில்லை. துணி துணியாகத்தான் இருந்தது. எனக்குள்ளே குரலும் இல்லை, மண்ணும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது சாமி வந்து சொன்னதல்ல, பத்தொன்பது வருஷம் தினமும் கை வைத்துக் கை வைத்துச் சேர்த்தது. அது எனக்கு ஒரு நாளில் வந்துவிடுமா?

"வெட்டறேன் சார்" என்றேன்.

என் தோள் இரண்டும் காதைத் தொட்டன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. துணியைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாமல் இருக்கலாம். நான் புளுகுகிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

"மாட்டேன் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். தோள் இறங்கியது.

மாட்டேன் என்பதை இன்னொரு தடவையும் சொன்னேன், அவருக்குக் கேட்கும்படி.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் பிசிறுக்குப் போனோம். வேறு கிளையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து வெட்ட வைத்தார்கள். அக்கா மறுபடியும் பதினேழு வயதில் பிடித்த சின்னக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து நூல் நறுக்கினாள். வருத்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டே நறுக்கினாள்.

வீட்டில் மாமா குதித்தார். "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா உன் தலை இறங்கிடுமா? மேஜை போயிடுச்சே!"

"தலை இறங்கினாப் பரவாயில்லைங்க. தோள் ஏறுது, அதான் பிரச்சினை" என்றாள் அக்கா. மாமா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டியதும், இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டதாக முடிவு கட்டி உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் தைத்த சட்டைகள் பிசிறுக்கு வந்தன. முதல் கட்டிலிருந்து ஒன்றை உருவி என் கையில் மாட்டிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை. நான் துள்ளிக் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. சட்டைக் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல துணி. ஒரு நாள் குடுத்திருக்கலாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடவே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். மேஜையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. உத்தரவை மீறியதற்கு வருந்துகிறேன், துணி மில்லிலிருந்தே பழுதாக வந்திருந்தது, அவ்வளவுதான் வாசகம். இதில் கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து பழையபடி மேஜைக்கு வரலாம் என்றார். குரலில் அன்றைக்குப் பயிற்சி எடுத்த அம்மணியின் தேன் சொட்டியது.

அக்கா காகிதத்தைப் படித்தாள். "நாளைக்குச் சொல்றேன் சார்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

"நாளைக்கு."

அன்று சாயங்காலம் படித் திருப்பத்தில் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரையுமா தள்ளிட்டான்?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் காலை அக்கா அந்த நீலச் சட்டையை மடித்துப் பையில் எடுத்து வந்தாள். மேனேஜர் மேஜையில், அந்தக் காகிதத்தின் மேல் அதை விரித்தாள்.

"இது போன தடவை நான் வாயை மூடிட்டு இருந்தப்ப வந்தது சார். ஒண்ணு போதும் எனக்கு. கையெழுத்துப் போட மாட்டேன். மில் மேல தப்பில்ல. மேஜைக்குக் கூப்பிட்டா வரேன். வந்தா துணி ஒரு நாள் ஆறும். மூணு மூச்சு விடுவேன். வேணும்னு தோணுச்சுன்னா நாலாவதும் விடுவேன். இதுக்குச் சம்மதம் இல்லைன்னா பிசிறு இருக்கு, எனக்கு அது புதுசில்ல."

அவர் கை ஸ்டாப்வாட்சைத் தேடியது. பிடித்துக்கொண்டார், அழுத்தவில்லை. சட்டையின் கையை இழுத்துத் தன் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

"நிதானமா யோசிங்க சார்" என்றாள் அக்கா. "நாளைக்குச் சொன்னாப் போதும்."

மறுநாள் காலை பிசிறுப் பிரிவில் எங்கள் இரண்டு பேர் ஸ்டூலும் இல்லை. வெட்டும் கூடத்துக்குப் போனோம். மேஜையில் துணி விரித்துக் கிடந்தது, பேப்பர் போடாமல். ஓரத்தில் சாக்பீஸால் முந்தின நாள் தேதி, பக்கத்தில் ஒரு முழத்துக்குப் போட்ட கோடு. மேனேஜர் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு குனிந்து அந்தக் கோட்டை அளந்துகொண்டிருந்தார். அக்கா கையுறையை ஓரமாக வைத்துவிட்டுத் துணி மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். எதிர்முனையில் நானும் வைத்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா கண்ணைத் திறக்காமல் நாலாவதையும் நிதானமாக இழுத்து விட்டாள்.